நர்ஸம்மா பதில்கள்: வார்டிலிருந்து ஸ்கேன் அறை வரை

சென்ற இதழில் ஐ.சி.யு. பற்றிய ஒரு பதிலில், "ஆக்சிஜனில் இருக்கும் நோயாளியைப் படுக்கையிலிருந்து எடுத்து ட்ராலியில் போடும் நேரம்தான் எனக்கு எப்போதும் பயம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எண்ணூரிலிருந்து பெரம்பூர் வரை கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாரும் பெயர் வேண்டாம் என்கிறார்கள், அதனால் ஊரை மட்டும் போடுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பதையும் எடுத்துவிட்டேன். இந்த இதழ் முழுக்க இந்த ஒரே விஷயம்தான். சர்க்கரை, கால் எரிச்சல் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு வாசகர்: அப்பா மீன்பிடித் தொழிலாளி. நிமோனியா என்று சேர்த்திருந்தோம். பை வைத்த மாஸ்க்கில் ஆக்சிஜன் ஓடியது, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 95 காட்டியது. சி.டி. ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். சிலிண்டர் கூடவே வந்தது, மாஸ்க்கும் முகத்தில்தான் இருந்தது. லிஃப்ட் வாசலில் அப்பா மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தார். அடம் பிடிக்கிறார் என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கேன் அறைக்குப் போனால் 70-க்குக் கீழே இருந்தது. அங்கிருந்த சிஸ்டர் ஓடிவந்து சிலிண்டரைத் திருகிய பிறகுதான் ஏறியது. அப்பா இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். ஆனால் கையைப் பிடித்தது என் மனதை அரிக்கிறது. அன்றைக்கு என்னதான் நடந்தது?

தம்பி, அப்பா வீடு திரும்பிவிட்டார் என்பதைப் படித்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. கையைப் பிடித்ததற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் எங்கள் ஆட்கள். இனி யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வார்டில் தலைமாட்டுச் சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன், ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் பெரிய டேங்கிலிருந்து குழாய் வழியாக வருவது. அங்கே ஒரு குமிழைத் திருப்பினால் போதும், வந்துகொண்டே இருக்கும். ட்ராலியில் ஏற்றியதும் அந்த இணைப்பைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்டுகிறோம். சிலிண்டரில் திறக்க வேண்டிய இடம் இரண்டு. நம் வீட்டு கேஸ் மாதிரிதான்: சிலிண்டர் தலையில் ரெகுலேட்டரைத் திருப்ப வேண்டும், பிறகு அடுப்புக் குமிழையும் திருப்ப வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் மேலே சாவி போட்டுத் திறப்பது ஒன்று, ஃப்ளோ மீட்டர் (நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டும் குழாய்) குமிழைத் திருப்பி, அதற்குள் மிதக்கும் குண்டை 10, 15 என்று நிறுத்துவது இன்னொன்று. இரண்டில் எது மூடியிருந்தாலும் மாஸ்க்குக்கு ஒன்றும் வராது.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. முந்தைய நோயாளியை இறக்கிவிட்டு வந்தவர் மேல் சாவியை மூடிவிட்டுப் போயிருப்பார். ஆனால் ரெகுலேட்டருக்குள் கொஞ்சம் காற்று அழுத்தத்தோடு மாட்டிக்கொண்டிருக்கும். அதனால் சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் இறங்காமல் 100, 120 என்று அப்படியே நிற்கும். அடுத்து வருபவர் முள்ளைப் பார்த்து, "நிறைய இருக்கு" என்று குமிழைத் திருப்புவார். குண்டும் துள்ளி மேலே ஏறும். சரி, வருகிறது என்று போர்வையை இழுத்து மூடிவிட்டு ட்ராலியைத் தள்ளுவார்கள். உள்ளே மாட்டியிருந்த அந்தச் சின்னக் காற்று சில நொடிகளில் தீர்ந்து குண்டு கீழே விழுந்துவிடும். அதைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள், எல்லாரும் லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஸ்கேன் அறையில் சிஸ்டர் திருகியதும் ஏறியது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அப்பாவுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

நுரையீரல் நன்றாக இருக்கும் ஒருவருக்குக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் குறைந்தாலும் உள்ளே இருப்பு தாங்கும். நிமோனியாவில் அந்த இருப்பே கிடையாது. ஒன்றிரண்டு நிமிடத்திலேயே விழத் தொடங்கிவிடும். விரலில் மாட்டும் கருவியோ உடம்பில் நடப்பதைச் சற்றுப் பிந்தித்தான் காட்டும், கை குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதம். ஆனால் அப்பா பிந்தவில்லை. லிஃப்ட் வாசலிலேயே சொல்லிவிட்டார். வழியில் மாஸ்க்கைப் பிடுங்குபவரை, எழுந்து உட்காரப் பார்ப்பவரை, திடீரென்று எரிச்சல்படுபவரைப் பார்த்தால், நான் முதலில் ஆக்சிஜன் வருகிறதா என்றுதான் பார்ப்பேன். அடம் என்று முடிவு கட்டுவது கடைசியில்.

கூடப் போகும் வீட்டு ஆள் பார்க்கக் கூடியது மாஸ்க்கின் கீழே தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் பை. ஆக்சிஜன் சரியாக வந்தால் அது எப்போதும் உப்பியே இருக்கும். மூச்சை இழுக்கும்போது லேசாகச் சுருங்கும், உடனே நிறையும். சப்பையாக ஒட்டிக்கிடந்தால் உடனே சத்தம் போட்டுச் சொல்லுங்கள். பை வற்றிய மாஸ்க்கை முகத்தில் அழுத்திப் பிடிக்கவே கூடாது, அது மூச்சை இன்னும் அடைக்கும். ஆக்சிஜன் திரும்ப வரும் வரை மாஸ்க்கைச் சற்றுத் தூக்கிவிடுவதே மேல். சிலிண்டரை நீங்கள் திருகாதீர்கள். "சிஸ்டர், பை நிறையலை" என்று கத்துங்கள், அந்த ஒரு வாக்கியம் போதும். நம் நிறத்துக்கு உதடு நீலம் பாய்வது சட்டென்று தெரியாது, நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள்.

கிளம்பும் முன்பே ஒன்று கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: "சிஸ்டர், சிலிண்டருக்கு மாத்தி அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுக் கிளம்பலாமா?" நல்ல சிஸ்டர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார். வார்டுக்குள்ளேயே, சுவர் இணைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே, ட்ராலியில் இருக்கும் சிலிண்டரில் ஐந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். குண்டு அசையாமல் நிற்கிறதா, எண் இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சக்கரம் நகர வேண்டும். பணியில் இருந்த காலம் முழுக்க என் வார்டில் இதற்கு விதிவிலக்கு கொடுத்ததில்லை. ஸ்கேன் அறையிலிருந்து எத்தனை போன் வந்தாலும் சரி.

வியாசர்பாடி வாசகி (தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்): சிலிண்டரில் எவ்வளவு நேரம் வரும் என்பதை சீனியர்கள் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குக் கணக்கு சொல்லித் தாருங்கள் மேடம். ஹெச்.எஃப்.என்.சி.யில் (மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் தள்ளும் கருவியில்) இருப்பவரை எப்படிக் கொண்டுபோவது?

கண் கணக்கை நம்பாமல் எழுதிக் கேட்டீர்களே, அதற்கே உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருக்கிறது.

ட்ராலியோடு போகும் பி டைப் சிலிண்டரின் உள் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். நிறைந்திருக்கும்போது அழுத்த மீட்டரில் ஏறக்குறைய 150 பார் காட்டும். இரண்டையும் பெருக்குங்கள்: 1,500 லிட்டர் ஆக்சிஜன். மீட்டர் 80 காட்டினால் 800 லிட்டர். பி டைப்புக்கு மீட்டர் எண்ணோடு ஒரு சைபர் சேர்த்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். அதை நிமிடத்துக்கு ஓடும் லிட்டரால் வகுத்தால் நேரம். 1,500 லிட்டர், 15-ல் ஓடினால் 100 நிமிடம். அதே சிலிண்டர் பாதி இருந்தால் 50 நிமிடம். சில மீட்டரில் பவுண்டு கணக்கு இருக்கும், அதில் 2,000-க்கு மேல் நின்றால் நிறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆஸ்பத்திரி சிலிண்டர் வேறு அளவாக இருந்தால் கொள்ளளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதே பெருக்கலைப் போடுங்கள்.

இனி வழியைக் கணக்கிடுங்கள். லிஃப்ட்டுக்குக் காத்திருப்பது 10 நிமிடம், ஸ்கேன் மேஜையில் ஏற்றி எடுத்து இறக்க 20, திரும்பி வர 10 என்றால் 40. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2004-ல் வெளியிட்ட நெறிமுறை, தேவைப்படும் நேரத்துக்கு மேல் 30 நிமிட இருப்பு வேண்டும் என்கிறது. நான் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டு மடங்கு எடுப்பேன். 80 நிமிடம், 15 லிட்டர் ஓட்டம் என்றால் 1,200 லிட்டர். அதாவது மீட்டர் 120-க்குக் கீழே இருந்தால் அந்தச் சிலிண்டரோடு கிளம்பக் கூடாது. வேறு சிலிண்டர் கேளுங்கள். இல்லை என்றால் ஸ்கேன் காத்திருக்கட்டும். லிஃப்ட் நடுவில் நின்றுபோகும், ஸ்கேன் அறையில் விபத்து கேஸ் ஒன்று முந்திக்கொள்ளும், இதெல்லாம் இங்கே தினமும் நடப்பதுதானே. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி மாதிரிப் பழைய வளாகங்கள் காலத்துக்குக் காலம் கட்டடம் சேர்த்து வளர்ந்தவை. அந்த மாதிரி இடங்களில் வார்டு ஒரு கட்டடம், ஸ்கேன் இன்னொரு கட்டடம் என்று இருந்தால், ஐப்பசி மழையில் ட்ராலியோடு வெளியே நிற்க வேண்டி வரும். அந்த நேரமும் கணக்கில் சேர வேண்டும்.

ஹெச்.எஃப்.என்.சி. கதை வேறு. அது மூக்கு வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை சூடான ஈரக்காற்றைத் தள்ளும். நூறு சதவீத ஆக்சிஜனில் 60 லிட்டர் ஓடினால், நிறைந்த பி டைப் சிலிண்டர் 25 நிமிடத்தில் காலி. அறுபது சதவீதத்தில் வைத்தாலும் ஆக்சிஜன் மட்டும் நிமிடத்துக்கு 30 லிட்டர் போகும். மேலும் பல கருவிகளில் பேட்டரி கிடையாது, பிளக்கைப் பிடுங்கினால் நின்றுவிடும். அதனால் அவரை என்.ஆர்.பி.எம். மாஸ்க்கில் (மேலே சொன்ன பை வைத்த மாஸ்க்) 15 லிட்டரிலோ, ட்ரான்ஸ்போர்ட் வென்டிலேட்டரில் பைபாப்பாகவோ (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு மூச்சு கொடுப்பது) மாற்றித்தான் கொண்டுபோக முடியும். அந்த மாற்றத்தைத் தாங்குகிறாரா என்பதைப் படுக்கையிலேயே பார்க்க வேண்டும். மாஸ்க்குக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில் எண் 85-க்குப் போகிறது, மூச்சு நிமிடத்துக்கு 35 என்று ஏறுகிறது என்றால், ஸ்கேன் இன்றைக்கே தேவையா என்று டாக்டரிடம் திரும்பக் கேளுங்கள். அதற்குத் தயங்கக் கூடாது. வார்டில் தாங்காதவர் லிஃப்ட்டில் எப்படித் தாங்குவார்?

கையில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். அம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை), அதற்குப் பொருந்தும் மாஸ்க், சளியை உறிஞ்ச, கையால் இயக்கும் சக்‌ஷனாவது ஒன்று, அவசர மருந்துத் தட்டு, பேட்டரி நிறைந்த மானிட்டர், மருந்து பம்ப்பின் பேட்டரி. சிலிண்டர் சாவியைக் கயிறு கட்டி ட்ராலியிலேயே தொங்கவிடுங்கள், சாவியைத் தேடி ஓடுவது போன்ற கொடுமை வேறு இல்லை. மானிட்டர் திரை உங்களைப் பார்த்து இருக்கட்டும், காலடியில் கவிழ்த்து வைத்து ஒரு பயனும் இல்லை. ஈரப்பதத் தண்ணீர் பாட்டிலைக் கழற்றிவிடுங்கள், சாய்ந்தால் தண்ணீர் குழாய் வழியாக மூக்குக்குப் போகும், இந்தச் சின்னப் பயணத்துக்கு அது தேவையும் இல்லை. ஐ.சி.டி. குழாய் (நெஞ்சுக்குள் போட்ட வடிகுழாய்) இருந்தால் பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழே இருக்க வேண்டும். அதை கிளாம்ப் போட்டு மூடிக் கொண்டுபோகும் பழக்கம் ஆபத்து. ஸ்கேன் அறைக்கு போன் போட்டு மேஜை காலியாக இருக்கிறதா, அங்கே சுவர் ஆக்சிஜன் வேலை செய்கிறதா என்று கேட்டு, லிஃப்ட்டை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கடைசியாக ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்: "சாவி?" "திறந்திருக்கு." "குண்டு?" "பதினஞ்சு." "பை?" "உப்பியிருக்கு." "மீட்டர்?" "நூத்தி முப்பது." இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், தனியாகப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் பயிற்சி பெற்ற செவிலியர். நிலை ஆடிக்கொண்டிருக்கும் நோயாளி என்றால் மூச்சுக்குழாய் போடத் தெரிந்த டாக்டர் கூட வர வேண்டும். ஆள் இல்லை, நீங்களே போங்கள் என்று அனுப்பினால், அதை நோட்டில் நேரத்தோடு எழுதி, பணியில் இருக்கும் டாக்டரிடம் வாயால் சொல்லுங்கள். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் சொல்லவில்லை. எழுத்தில் வந்தால்தான் ஆள் வரும்.

எண்ணூர் வாசகர் (ஆஸ்பத்திரியில் ட்ராலி தள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி): ஸ்டாண்டு உடைந்து கிடப்பதால் சிலிண்டரை நோயாளியின் கால் நடுவில் படுக்க வைத்துத் தள்ளுகிறோம். தப்பா அம்மா? எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை.

தம்பி, நீங்கள் தள்ளுவது ஒரு உயிரை. உங்களுக்குப் பயிற்சி கொடுக்காமல் அந்த வேலையைக் கொடுப்பது நியாயமே இல்லை. தெரிந்ததை நான் சொல்கிறேன், கூட வேலை செய்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

சிலிண்டரைப் படுக்க வைத்தால் குண்டு வைத்த ஃப்ளோ மீட்டர் சரியாகக் காட்டாது, அது நிமிர்ந்து நின்றால்தான் கணக்கு. மேடு பள்ளத்தில் உருண்டு காலை நசுக்கும். கீழே விழுந்து தலைவால்வு உடைந்தால், உள்ளே இருக்கும் அழுத்தம் அந்த இரும்பையே பாய வைக்கும். சுவரைக்கூடப் பெயர்க்கும் வேகம் அது. ஸ்டாண்டு சரியாகும் வரை தனியாகச் சக்கரம் வைத்த சிலிண்டர் வண்டியில் சங்கிலி போட்டு நிறுத்தி, இன்னொருவர் ட்ராலியை ஒட்டியே தள்ளி வரட்டும். குழாய் இழுபடாத நீளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு வால்வைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். வால்வு இறுகியிருக்கிறது என்று கிரீஸ் போடுவதும் கூடாது. சாவியைச் சட்டென்று திருகாமல் மெதுவாகத் திறங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். நம் நாட்டில் ஆக்சிஜன் சிலிண்டருக்குக் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். வேறு நிறத்தில் இருந்தால் மாட்டுவதற்கு முன் சிஸ்டரைக் கேளுங்கள்.

மூச்சு வாங்குபவரை மட்ட மல்லாக்கப் படுக்க வைத்துத் தள்ளாதீர்கள். ட்ராலியின் தலைப்பக்கத்தை உயர்த்தி, சாய்ந்து உட்கார்ந்த மாதிரி வையுங்கள். தலையை உயர்த்த முடியாத ட்ராலி என்றால் தலையணை போதாது, வேறு ட்ராலி கேளுங்கள். தரை இணைப்புகளில், லிஃப்ட் வாசல் பள்ளத்தில் நிதானமாகத் தூக்கி இறக்குங்கள். டாக்டர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

திருவொற்றியூர் வாசகி: அம்மாவுக்குப் பல வருஷமாக விறகு அடுப்புப் புகையால் வந்த மூச்சு நோய், சி.ஓ.பி.டி. என்றார்கள். ட்ராலியில் போகும்போது 90 தான் காட்டியது. ஏற்றச் சொல்லிக் கெஞ்சினேன். சிஸ்டர் மறுத்துவிட்டார். இது சரியா?

சரிதான்மா. அந்த சிஸ்டர் தெரிந்தவர். சாதாரண நோயாளிக்கு 94-லிருந்து 98 வரை இருக்க வேண்டும். அம்மா மாதிரி நாள்பட்ட நுரையீரல் அடைப்பு இருப்பவர்களுக்கு 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும். அதற்கு மேல் ஆக்சிஜனைத் திணித்தால் உடம்பில் கரியமில வாயு தேங்கும். முதலில் தலைவலி, அப்புறம் மந்தம், அப்புறம் தூக்கம், அந்தத் தூக்கம் மயக்கமாகவே முடியலாம். பயணத்தில் இது எளிதில் நடந்துவிடும், ஏனென்றால் பயத்தில் யாராவது குமிழைத் திருகி 15-க்கு ஏற்றிவிடுவார்கள். வழியில் அம்மா "நல்லா தூங்குறாங்க" என்று நிம்மதிப்படாமல், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் குழறினால் உடனே சொல்லுங்கள். அம்மாவுக்கு 88–92 என்று ஒரு சீட்டு எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அது உதவும்.

பெரம்பூர் வாசகர்: வென்டிலேட்டரில் இருந்த அண்ணனை மாற்றும்போது பலூன் மாதிரி ஒன்றை என் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பயத்தில் வேக வேகமாக அமுக்கினேன். அது அண்ணனுக்குக் கெடுதல் செய்திருக்குமா?

அது அம்பு பேக். வீட்டு ஆளிடம் கொடுக்க வேண்டிய பொருளே இல்லை. கொடுத்தவர்கள் ஆள் பற்றாக்குறையில் கொடுத்திருப்பார்கள், இருந்தாலும் அது சரியில்லை. வேகமாக அமுக்கினால் வெளியே வர வேண்டிய காற்று நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும், இரத்த அழுத்தம் இறங்கலாம். அண்ணன் அன்று பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதைப் படிக்கும் பயிற்சி மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரியவர்களுக்கு ஐந்தாறு நொடிக்கு ஒரு முறை, நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு அமுக்கினால் போதும். பேக்கின் வாலில் ரிசர்வாயர் பை (ஆக்சிஜன் சேரும் பை) இருக்கிறதா, ஆக்சிஜன் குழாய் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டாமல் அமுக்கினால் போவது வெறும் அறைக்காற்று, அதில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். படுக்கையிலிருந்து தூக்கும்போதுதான், வாய் வழியாகப் போட்ட மூச்சுக்குழாய் நழுவும். அதனால் தூக்கும் முன் பல் வரிசையில் குழாயின் எந்த எண் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, இறக்கியதும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பக்கம் நிற்பவர் குழாயைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்ல வேண்டும், மற்றவர்கள் அவர் சொல்லுக்குத்தான் தூக்க வேண்டும். காலடியில் நிற்பவர் சொல்லுக்குத் தூக்கினால் உடம்பு ஒரு பக்கமும் குழாய் ஒரு பக்கமுமாகப் போகும்.

கொருக்குப்பேட்டை வாசகி: எம்.ஆர்.ஐ. அறை வாசலில் சிலிண்டரை வெளியே நிறுத்திவிட்டார்கள். மாமனாருக்கு மூச்சு நின்றுவிடுமோ என்று சண்டை போட்டேன். அவர்கள் செய்தது சரியா?

மிகச் சரி. எம்.ஆர்.ஐ. கருவி ஒரு ராட்சதக் காந்தம். படம் எடுக்காத நேரத்திலும், ராத்திரியிலும்கூட அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். "மெஷின் ஆஃப்ல இருக்கு, கொண்டு வாங்க" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2018 ஜனவரியில் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில், உறவினருக்குத் துணையாக வந்த இளைஞர் ஒருவர் சிலிண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள் போய், சிலிண்டரோடு கருவிக்குள் இழுக்கப்பட்டு இறந்துபோனார். துணைக்குப் போன பிள்ளை. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வார்டில் யாரும் எம்.ஆர்.ஐ. சீட்டைச் சும்மா நீட்டிவிட முடியாது, கூடப் போகும் வீட்டு ஆளை உட்கார வைத்து விளக்கிச் சொன்ன பிறகுதான் ட்ராலி கிளம்பும்.

உள்ளே ஆக்சிஜன் வேண்டுமென்றால் சுவர் இணைப்பிலிருந்து நீளமான குழாய் போடுவார்கள், அல்லது காந்தத்துக்கு இழுபடாத தனி அலுமினியச் சிலிண்டர் வைத்திருப்பார்கள். உங்கள் மாமனாருக்கு எது மாட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள், வாசலில் மாற்றும்போது பை நிறைகிறதா என்று பாருங்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது. நீங்களும் உள்ளே போக வேண்டியிருந்தால் புடவை ஊக்கு, ஹேர்பின், சாவிக்கொத்து, தாலிக் கயிற்றில் கோத்த சேஃப்டி பின் எல்லாம் வெளியே. மாமனார் இடுப்பில் அரைஞாண் கயிற்றில் இரும்புத் தாயத்து இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சி.டி. அறையில் காந்தம் இல்லை, அங்கே சாதாரணச் சிலிண்டர் போகலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புளியந்தோப்பு வாசகர்: அம்மா ஐ.சி.யு.வில் இருக்கிறார். ஸ்கேன் எடுக்கச் சொன்ன டாக்டரே மறுநாள் "இன்றைக்கு வேண்டாம்" என்றார். பணத்துக்காக இழுத்தடிக்கிறார்களோ என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டாரின் சந்தேகம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய சீட்டைப் பார்த்தால், அம்மாவுக்கு முந்தின நாள் 8 லிட்டரில் ஓடிய ஆக்சிஜன் அன்றைக்கு 15 ஆகியிருக்கிறது, இரத்த அழுத்தத்துக்கான மருந்தும் ஏற்றியிருக்கிறார்கள். அந்த நிலையில் கொண்டுபோகாமல் நிறுத்தியது நல்ல முடிவுதான். படுக்கையிலேயே எக்ஸ்ரே எடுக்கலாம், நுரையீரலையும் இதயத்தையும் பக்கத்தில் வைத்தே அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம், சில நேரம் அதுவே போதும். டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த ஸ்கேனால் சிகிச்சை மாறுமா, படுக்கையருகில் செய்யக்கூடிய வேறு சோதனை உண்டா, அம்மா எந்த அளவுக்குத் தேறினால் கொண்டுபோவீர்கள். பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஷிஃப்ட் மாறும்போது புதிதாக வரும் சிஸ்டரிடம் அந்தத் தாளைக் காட்டினால், அவர் விட்ட இடத்திலிருந்து பார்த்துக்கொள்வார்.